நாலு பேர் வேலைய ஒரே ஷீட்ல சேர்த்து கலர் ஆஃப்செட் அடிச்சா நிஜமாவே மிச்சமாகுமா?

கோட்டோவியம்:

எல்லாருக்கும் வணக்கம். நாங்க நாலு பேர் படம் வரையறவங்க, ஆளுக்கு ஒரு ஏ6 போஸ்ட்கார்டு போடலாம்னு இருக்கோம், ரெண்டு பக்கமும் கலர், 300 ஜிஎஸ்எம் ஆர்ட் கார்டு (தடிமனான வழவழப்பு அட்டை). தனித்தனியா கொட்டேஷன் கேட்டா 500 அடிச்சாலும் 1000 அடிச்சாலும் ஏறக்குறைய ஒரே ரேட் சொல்றாங்க, அது ஏன்னே முதல்ல புரியல. ஒருத்தர் "நாலையும் ஒரே ஷீட்ல போட்டுக் கொடுங்க, செலவு நாலுல ஒரு பங்கா குறைஞ்சிடும்"ங்கறார். இன்னொருத்தர் "சேர்த்து அடிச்சா கலர் சொதப்பிடும், அப்புறம் நாலு பேரும் முகத்த திருப்பிக்கிட்டு போவீங்க"ங்கறார். எதை நம்பறது?

விவரம்: ரெண்டு பேருக்கு 500 போதும் (அதுல நான் ஒருத்தி), ஒருத்தருக்கு 1000, ஒருத்தருக்கு 2000. என்னோடது வாட்டர்கலர்ல வரைஞ்ச முகம், ரொம்ப வெளிர் டோன். 2000 கேக்கறவரோடது முழுக்க கருப்பு பின்னணி. காசை எப்படி பிரிக்கறது, ஃபைலை யார் ரெடி பண்றது, செஞ்சு பழக்கம் இருக்கறவங்க சொல்லுங்களேன்.

மெஷின்ரூம்காரன்:

ரெண்டு பேர் சொன்னதுலயும் பாதி உண்மை இருக்குங்க. முதல்ல அந்த 500, 1000 விஷயம், அது புரிஞ்சாலே மீதி தானா புரியும்.

ஆஃப்செட்ல, அதாவது பிளேட் மாட்டி மெஷின்ல அடிக்கற அச்சுல, ரெண்டு வகை செலவு. ஒண்ணு எத்தனை அடிச்சாலும் மாறாதது, அதாவது நாலு கலருக்கு நாலு பிளேட் (படம் பதிஞ்ச தகடு), அப்புறம் மேக்ரெடி. மேக்ரெடின்னா பிளேட்ட மாட்டி, ரிஜிஸ்டர் சேர்த்து (நாலு கலரும் ஒண்ணு மேல ஒண்ணு சரியா விழ வெச்சு), மையும் தண்ணியும் சமநிலைக்கு வந்து, கலர் நிக்கற வரைக்கும் ஓடற ஷீட் எல்லாம். அது குப்பைதான். மெஷினப் பொறுத்து, ஆளப் பொறுத்து, பேப்பரப் பொறுத்து கூடும் குறையும், கணக்குக்காக 200 ஷீட்னு வெச்சுப்போம். இன்னொண்ணு அடிக்க அடிக்க ஏறறது: பேப்பர், மை, மெஷின் ஓடற நேரம், லேமினேஷன், கட்டிங்.

இப்ப உங்க வேலை. 20×29 அங்குல ஷீட்ல ஏ6 கார்டு சுத்தி 3 மி.மீ. பிளீட் (வெட்டறப்ப போற கூடுதல் ஓரம்) வெச்சு 16 அப், அதாவது 16 இடம், தாராளமா உக்காரும். ரெண்டு பக்கத்துக்கு எட்டு பிளேட் வேணும்னு நினைக்காதீங்க, ஷீட்டோட இடது பாதியில முன்பக்கம், வலது பாதியில பின்பக்கம் போட்டு, ஒரு பக்கம் அடிச்சு காஞ்சதும் ஷீட்ட இடவலமா திருப்பிப் போட்டு அதே நாலு பிளேட்ல மறுபக்கம் அடிப்போம். ஒர்க் அண்ட் டர்ன்னு சொல்லுவோம். ஒரு ஷீட்டுக்கு 16 முழு கார்டு கிடைக்கும்.

அப்ப 500 கார்டுக்கு எத்தனை நல்ல ஷீட்? 32. வெறும் 32 நல்ல ஷீட்டுக்காக நாலு பிளேட்டும் 200 ஷீட் வேஸ்ட்டும். 1000 கார்டுன்னா 63 ஷீட், அவ்ளோதான், கூடுதலா 31 ஷீட் ஓடறதுக்கு எவன் பெருசா ரேட் ஏத்துவான்? தனியா வந்தா சின்ன மெஷின்ல ஏத்துவாங்க, நம்பர் கொஞ்சம் மாறும், ஆனா கணக்கோட போக்கு இதேதான்.

நாலு பேரும் தனித்தனியா அடிச்சா 16 பிளேட், சுமார் 250 நல்ல ஷீட், 800 வேஸ்ட் ஷீட். சேர்த்து அடிச்சா 4 பிளேட், அதே 250 நல்ல ஷீட், 200 வேஸ்ட். நல்ல ஷீட்டோட எண்ணிக்கை மாறவே இல்ல பாருங்க! அதனாலதான் "நாலுல ஒரு பங்கு"ங்கறது பிளேட்டுக்கும் மேக்ரெடிக்கும் மட்டும் உண்மை. நல்ல ஷீட்டுக்கான பேப்பர், லேமினேஷன், கட்டிங் இதுல ஒரு பைசா குறையாது. உங்க எண்ணிக்கைக்கு மாறாத செலவுதான் பெரும்பங்கு, அதனால நல்லாவே மிச்சமாகும். இதே ஆளுக்கு 50,000 கார்டுன்னா 3125 ஷீட் ஓடணும், அதுல 200 வேஸ்ட் எல்லாம் ஒரு கணக்கே இல்ல, சேர்த்து அடிக்காதீங்கன்னுதான் சொல்லுவேன்.

உங்க நம்பர் அதிர்ஷ்டவசமா அழகா பொருந்துது: முன்பக்கம் எட்டு இடம், 2000 காரருக்கு நாலு, 1000 காரருக்கு ரெண்டு, 500 காரங்களுக்கு ஆளுக்கு ஒண்ணு. 250 ஷீட் ஓடினா எல்லாருக்கும் சரியா வந்துடும். யாராவது நடுவுல "எனக்கு 1200 வேணும்"னு சொன்னா போச்சு, 300 ஷீட் ஓட்டணும், எல்லாருக்கும் 20 சதவீதம் எக்ஸ்ட்ரா கார்டு வரும், அதுக்கு யார் காசு குடுக்கறதுன்னு அடுத்த பஞ்சாயத்து.

சயான்மெஜந்தா:

கலர் பத்தி நான் சொல்றேன், பிரீபிரஸ்ல, அதாவது அச்சுக்கு முன்னாடி ஃபைல் ரெடி பண்ற வேலையில, இருக்கேன். "சேர்த்து அடிச்சா கலர் சொதப்பிடும்"னு பொத்தாம் பொதுவா சொல்றது தப்பு, எது எதோட எங்க உக்காருதுங்கறதுலதான் எல்லாமே இருக்கு.

மெஷின்ல மை ஷீட் அகலத்துக்கு ஒரே அளவா விழாது, ஏறக்குறைய 3 செ.மீ. அகலத்துக்கு ஒரு கீ இருக்கும், ஒவ்வொரு கீயையும் தனியா திறந்து மூடி அந்தப் பட்டையில எவ்ளோ மை போகணும்னு வெப்பாங்க. ஆனா அந்தக் கீ ஷீட் ஓடற திசையில மேல இருந்து கீழ வரைக்கும் ஒரே அளவுதான். அதாவது பக்கத்து பக்கத்துல இருக்கற ரெண்டு கார்டுக்கு வேற வேற மை வெக்கலாம், முன்னும் பின்னுமா ஒரே வரிசையில நிக்கற ரெண்டு கார்டுக்கு வெக்க முடியாது. உங்க வெளிர் முகமும் அவரோட கருப்பு பின்னணியும் அப்படி ஒரே வரிசையில, அதாவது ஒரே பத்தியில நின்னா, அவர் கருப்பு நல்லா அடர்த்தியா வரணும்னு ஆபரேட்டர் மைய ஏத்துவார், உங்க முகத்து நிழல் எல்லாம் அழுக்குப் பிடிச்ச மாதிரி ஆயிடும். உங்களுக்காக இறக்கினா அவர் கருப்பு சாம்பலாகும். அதோட ஒரு பெரிய சாலிட் (முழுக்க மை நிரம்பின இடம்) ரோலர்ல இருந்து மைய உறிஞ்சிட்டா, அதே பத்தியில இருக்கற மத்த இடத்துல அந்த உருவம் லேசா நிழலாடும், கோஸ்டிங்னு சொல்லுவோம், சாலிட் கலர்லயும், வெளிர் சாயலான டின்ட்லயும்தான் அது கண்ணுல குத்தும்.

மேல சொன்ன லேஅவுட்ல முன்பக்கத்துக்கு ரெண்டு பத்தி, பத்திக்கு நாலு கார்டு. 2000 காரர் நாலு இடம் எடுக்கறதால அவருக்கே ஒரு முழுப் பத்தி குடுத்துடுங்க. நீங்க மீதி மூணு பேரும் இன்னொரு பத்தியில. அவ்ளோதான், உங்க பிரச்சினை பெரும்பாலும் முடிஞ்சுது. மத்த ரெண்டு பேரோட படம் எப்படி? அதுல ஒண்ணு பளீர்னு சிவப்பா இருந்தா அதையும் யோசிக்கணும்.

ஆனா ஒண்ண மனசுல வெச்சுக்கோங்க, ஷேரிங்ல அடிக்கும்போது யாரும் உங்க ஒரு படத்துக்காக மெஷின் பக்கத்துல நின்னு "இன்னும் கொஞ்சம் மெஜந்தா குறைங்க"ன்னு சொல்ல முடியாது. நல்ல பிரஸ்னா கலர் பாரை (ஷீட் ஓரத்துல அடிக்கற கலர் பட்டை) டென்சிட்டோமீட்டர்ல (மை அடர்த்திய அளக்கற கருவி) அளந்து ஸ்டாண்டர்டு டென்சிட்டிக்கு அடிப்பாங்க, ஐஎஸ்ஓ 12647-2 மாதிரி ஒரு தரம் வெச்சிருப்பாங்க. அப்ப ஃபைல் எப்படியோ அப்படித்தான் வரும். திருத்தம் எல்லாம் ஃபைல்லயே முடிஞ்சிருக்கணும், மெஷின்ல சரி பண்ணிக்கலாம்ங்கற பேச்சே கிடையாது.

கோட்டோவியம்:

ஐயோ இவ்ளோ தெளிவா யாரும் சொன்னதில்ல, நன்றி ரெண்டு பேருக்கும். மத்த ரெண்டு படமும் பென்சில் கோடு, லேசான பச்சை வாஷ், சிவப்பெல்லாம் இல்ல. ஃபைல்ல என்னென்ன பாக்கணும்? அந்தக் கருப்புக்காரர் நாலு கலரையும் 100 வெச்சிருக்கார், "அப்பதான் கும்முனு இருக்கும்"ங்கறார்.

சயான்மெஜந்தா:

400 சதவீதமா, தாங்காது. ஆர்ட் பேப்பர்லயே மொத்த மை 300 சதவீதத்துக்குள்ள இருந்தா நிம்மதி, கோட்டிங் இல்லாத பேப்பர்னா இன்னும் குறைக்கணும். அதுக்கு மேல போனா காயாது, அடுக்கி வெச்ச ஷீட்டோட முதுகுல ஒட்டிக்கும். ஒர்க் அண்ட் டர்ன் வேற, ஒரு பக்கம் காயாம மறுபக்கம் அடிக்கவே முடியாது, அவர் ஒருத்தர் கருப்பு காயறதுக்காக நாலு பேர் கார்டும் காத்துக் கிடக்கும். கருப்பு 100, சயான் 40 போட்டாலே நல்ல ஆழமான கருப்பு வரும், சொல்லிப் பாருங்க.

மத்தபடி: எல்லா ஃபைலும் சிஎம்ஒய்கே (சயான், மெஜந்தா, மஞ்சள், கருப்பு), எல்லாருக்கும் ஒரே கலர் பிரொஃபைல் (கலரை அந்த அச்சுக்குத் தகுந்த மாதிரி மாத்தற அமைப்பு, பிரஸ் கிட்ட கேட்டு வாங்குங்க, ஆளாளுக்கு ஒண்ணு வெச்சு மாத்தினா நாலு விதமா வரும்), படம் அச்சாகற சைஸ்ல 300 டிபிஐ, 3 மி.மீ. பிளீட், முக்கியமான எழுத்து எதுவும் வெட்டற ஓரத்துல இருந்து 4, 5 மி.மீ. உள்ள. சின்ன எழுத்து வெறும் கருப்பு 100 மட்டும், நாலு கலர்ல எழுத்து வெச்சா ரிஜிஸ்டர் துளி விலகினாலும் ஓரத்துல கலர் கலரா தெரியும். ஆளாளுக்கு கோரல், இன்டிசைன்னு ஓப்பன் ஃபைல் அனுப்பாதீங்க, பிடிஎஃப் எக்ஸ் (அச்சுக்குன்னே இருக்கற பிடிஎஃப்) மட்டும். ஸ்பாட் கலர் (தனியா கலந்த மை) யாராவது வெச்சிருந்தா எடுத்துடுங்க, அஞ்சாவது பிளேட் ஏத்த முடியாது, பளிச் ஆரஞ்சு, நியான் பச்சை எல்லாம் நாலு கலர்ல மங்கித்தான் வரும்னு இப்பவே சொல்லிடுங்க, அச்சாகி வந்தப்புறம் சொன்னா யாரும் கேக்க மாட்டாங்க.

அப்புறம் நாலு பேர் ஃபைலையும் நாலு பேரும் தொடாதீங்க, ஒரே ஒருத்தர் வாங்கி, செக் பண்ணி, அனுப்பணும். ஷீட்டுல அடுக்கறத பிரஸ்லயே செய்யட்டும், அவங்க கிரிப்பர் (மெஷின் ஷீட்ட பிடிக்கற ஓரம்) எவ்ளோ, கலர் பார் எங்கங்கறது அவங்களுக்குத்தான் தெரியும்.

டோனர்தாசன்:

நான் கொஞ்சம் எதிர்ப்பாட்டு பாடறேன். 500 கார்டுக்கு எதுக்குங்க இவ்ளோ கூத்து? டிஜிட்டல்ல பிளேட்டும் கிடையாது, மேக்ரெடியும் கிடையாதுன்னே சொல்லலாம், ஆளாளுக்கு வேணுங்கறத வேணுங்கற அன்னிக்கு எடுத்துக்கலாம், யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேணாம். தீந்து போச்சுன்னா இன்னும் 100 அடிச்சுக்கலாம். ஷேரிங்ல அடிச்சவங்க கிட்ட ரீபிரிண்ட் கேட்டுப் பாருங்க, முழிப்பாங்க.

மெஷின்ரூம்காரன்:

ரீபிரிண்ட் பாயிண்ட் சரியான பாயிண்ட், ஒத்துக்கறேன். அந்த பிளேட்ல நாலு பேர் படமும் இருக்கு, ஒருத்தருக்கு மட்டும் வேணும்னா அது உதவாது, புதுசா பிளேட் போடணும். அப்பவும் பக்கத்துல வேற படம் நிக்கும், கலர் முதல் தடவை மாதிரியே அச்சு அசலா வரும்னு எதிர்பார்க்கக் கூடாது.

ஆனா 500 மட்டும் பார்த்தா தப்பு தாசன் சார். இங்க மொத்தம் 4000 கார்டு, ஷீட்டுக்கு அது ஒரே வேலை. டிஜிட்டல்ல 4000 கார்டுக்கும் கார்டுக்குக் கார்டு அதே ரேட்தான், எண்ணிக்கை ஏறினா இறங்கறது கொஞ்சம்தான். நூறு இருநூறு கார்டுன்னா நானே டிஜிட்டலுக்குப் போங்கன்னு அனுப்பிடுவேன். ரெண்டுக்கும் கொட்டேஷன் வாங்கி மொத்தத்தையும் கார்டு எண்ணிக்கையால வகுத்துப் பார்த்தா தெரிஞ்சிடப் போகுது, இதுல விவாதமே தேவையில்ல.

டிஜிட்டல் வேற ஒரு விதத்துல உதவும்: கலர் பிரூஃப், அதாவது அடிக்கறதுக்கு முன்னாடி கலர் பாக்க எடுக்கற மாதிரி. சாதாரண பிரிண்டர்ல எடுத்தது பிரூஃப் ஆகாது, பிரஸ்ஸோட பிரொஃபைலுக்கு காலிபிரேட் பண்ண மெஷின்ல ஆளுக்கு ஒண்ணு எடுத்து நாலு பேரும் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. அப்புறம் தகராறு வந்தா பேச ஒரு அடிப்படை இருக்கும்.

சிறுபதிப்பாள்:

கலரும் மையும் எல்லாரும் சொல்லிட்டாங்க, காசு விஷயம் நான் சொல்றேன், பல பேர சேர்த்து அட்டை அடிக்கற வேலைய நான் ரொம்ப நாளா பாத்துக்கிட்டு இருக்கேன், மெஷின விட மனுஷங்கதான் இதுல கஷ்டம்.

எல்லாரும் டக்குனு சொல்றது "இடத்த வெச்சுப் பிரிச்சுக்கலாம்", அதாவது 4:2:1:1. கேக்க நியாயமாத்தான் தெரியும். ஆனா அப்படிப் பிரிச்சா பிளேட், மேக்ரெடி செலவுல பாதிய 2000 காரர் ஒருத்தரே தூக்கறார், 500 காரங்க எட்டுல ஒரு பங்கு மட்டும் குடுத்துட்டுப் போறாங்க. தனியா அடிச்சிருந்தா அவங்களும் முழு பிளேட் காசு குடுத்திருக்கணும்ல? பிளேட்டுக்கு 500, 2000 வித்தியாசம் தெரியாது. அதனால நான் எப்பவும் ரெண்டாப் பிரிச்சிடுவேன், மாறாத செலவு ஆளுக்கு சமமா நாலுல ஒண்ணு, ஓடற செலவு (பேப்பர், அச்சு, லேமினேஷன், கட்டிங்) இடத்துக்குத் தகுந்த மாதிரி. கொட்டேஷன் வாங்கும்போதே இப்படி ரெண்டா பிரிச்சுக் குடுங்கன்னு கேளுங்க, குடுப்பாங்க.

பணம் முழுசா முன்னாடியே வாங்கிடுங்க. ஃபைலுக்கு ஒரு தேதி, அந்தத் தேதிக்கு வராதவங்க இடத்துல வேற படம் போயிடும், காசு திரும்பாதுன்னு எழுத்துல போட்டுடுங்க. ஃப்ரெண்ட்ஸ்தானேன்னு விட்டா அங்கதான் மாட்டுவீங்க. ஒரு குழுவுல ஒருத்தர் "நாளைக்கு, நாளைக்கு"ன்னு இழுத்து, பிரஸ்ஸுல குடுத்திருந்த ஸ்லாட் போய், மத்தவங்க எல்லாரும் விழாவுக்கு கார்டு இல்லாம நின்னாங்க, இன்னிக்கும் அந்த ஆள் பேர எடுத்தா அங்க பேச்சு நின்னுடும்.

இன்னொண்ணு, ஒருத்தருக்கு ஒரு ஆசை வரும், "என் கார்டுக்கு மட்டும் ஸ்பாட் யூவி", "எனக்கு மட்டும் ரவுண்ட் கார்னர்". ரவுண்ட் கார்னர் வெட்டினதுக்கு அப்புறம் செய்யற வேலை, அவர் காசுல அவர் செஞ்சுக்கலாம். ஸ்பாட் யூவி (குறிப்பிட்ட இடத்துல மட்டும் பளபளப்பு) ஷீட்டுலயே செய்யணும், அது தனி செட்டிங், தனி செலவு. பேப்பரும் லேமினேஷனும் எல்லாருக்கும் ஒண்ணேதான், அது பிடிக்காதவங்க இந்த வண்டியில ஏறக் கூடாது.

டோனர்தாசன்:

சமமாப் பிரிக்கறது எனக்கு ஒப்பல. 500 காரர் பார்வையில பாருங்க, அவருக்கு கார்டு ஒண்ணுக்கு அடக்கவிலை 2000 காரர விட ரொம்ப கூடிடும்.

சிறுபதிப்பாள்:

கூடத்தான் செய்யும், தனியா அடிச்சாலும் கூடத்தானே செய்யுது? தனியா குடுக்கறத விட எவ்ளோ குறையுதுங்கறதத்தான் பாக்கணும். 2000 காரருக்கு மிச்சம் குறைஞ்சா "நான் தனியாவே அடிச்சுக்கறேன், கலராவது என் கையில இருக்கும்"னு போயிடுவார், அவர் போனா பாதி ஷீட் காலி. பெரிய எண்ணிக்கைக்காரர கூட வெச்சுக்கறதுக்குத்தான் இந்தக் கணக்கு.

கோட்டோவியம்:

சமமாவே பிரிச்சுக்கறோம், மத்த மூணு பேர் கிட்டயும் இதக் காட்டிட்டேன், கருப்புக்காரர் 400 சதவீதத்த விட்டுக் குடுத்துட்டார் (முகம் வாடித்தான்). கடைசியா ஒரு கேள்வி, 16 கார்டு போக ஷீட்ல இடம் மிச்சம் இருக்குமா? சின்னதா புக்மார்க் ஏதாவது நுழைக்கலாமான்னு ஆசை.

மெஷின்ரூம்காரன்:

இருக்கு. ஷீட்டோட பாதி அகலம் சுமார் 368 மி.மீ., ரெண்டு பத்தி கார்டு 308 எடுக்கும், மிச்சம் 60. அதுல 45×140 மி.மீ. புக்மார்க் பிளீட்டோட ஒரு பத்தி, மூணு நிக்கும். மறுபாதியில பின்பக்கம் மூணு. ஷீட்டுக்கு ஆறு, 250 ஷீட்டுக்கு 1500 புக்மார்க், பேப்பர் காசே இல்லாம. ஓரம் டைட்டாதான் இருக்கும், அதனால உங்க பிரஸ் எந்த சைஸ் ஷீட் ஓட்டறாங்க, ஓரத்துல எவ்ளோ விடணும்னு கேட்டுட்டு அப்புறம் சைஸ முடிவு பண்ணுங்க. அந்தப் பத்திக்கும் கீ தனிதான்ங்கறதால கலர் பத்தி பெருசா கவலை வேணாம்.

கட்டிங்குக்கு கொஞ்சம் கூடக் கேப்பாங்க, ஏன்னா கத்தி ஒரு ஓரத்துல இருந்து மறு ஓரம் வரைக்கும் நேராத்தான் போகும், முதல்ல பத்தி பத்தியா பிளந்துட்டு அப்புறம் கார்டு தனியா, புக்மார்க் தனியா வெட்டணும், ரெண்டு அளவு. அதனால புக்மார்க்க கண்ட கண்ட இடத்துல சொருகாம ஒரே பத்தியா வெக்கச் சொல்லுங்க. 300 ஜிஎஸ்எம் புக்மார்க் கொஞ்சம் தடிமன், புத்தகம் லேசா தூக்கும், பரவாயில்லன்னா போடுங்க. முனையில ஓட்டை, கயிறு எல்லாம் யோசிச்சிருந்தா அந்த இடத்துல எழுத்து வராம பாத்துக்கோங்க.